வெற்றிலைத் தட்டைக் கீழே வை

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால, பூனையும் புலியும் ஒரே குளத்துல தண்ணி குடிச்ச நாள்ல, இன்முகபுரின்னு ஒரு ராஜ்ஜியம் இருந்துச்சு. பேரைப் பாருங்க, இன்முகபுரியாம்! சொல்லும்போதே எனக்கு எரிச்சல் வருது. ஏன்னு கேளுங்க.

அந்த ஊர்ல விருந்தாளி என்ன ஏசினாலும் பதில் பேசக்கூடாது. சிரிச்ச முகமா வெற்றிலைத் தட்டை நீட்டணும். ஒரு காலத்துல பெரிய பஞ்சம் வந்து, பசியோட நடந்து வந்த சனங்க வாய்க்கு வந்தபடி பேசினாங்களாம். பசிச்சவங்க பேச்சைப் பெருசு பண்ணாதீங்கன்னு அப்போ இருந்த ராணி சொல்லி வச்சாங்க. நல்லாத்தான் சொன்னாங்க. பஞ்சம் போய் நூறு வருஷம் ஆச்சு. வயிறு முட்டத் தின்னுட்டு ஏசுறவனுக்கும் இவங்க தட்டை நீட்டிக்கிட்டே இருந்தாங்க.

அரண்மனைச் சமையல்காரன் சாத்தப்பனுக்கு வாழ்க்கைப்பட்டு மலைநாட்டுல இருந்து வந்தவ செம்பாயி. அவ ஊர்ல தேன் எடுக்குறதுதான் பிழைப்பு. ஒருத்தர் கயித்துல தொங்குவாங்க, இன்னொருத்தர் மேல நின்னு கயித்தைப் பிடிப்பாங்க. மனசுல கசப்பை வச்சுக்கிட்டுக் கயித்தைப் பிடிக்க முடியுமா? அதனால அங்கே ஏச்சு வாங்கினவங்க கையில இருக்குறதைக் கீழே வச்சுட்டு அப்படியே உட்கார்ந்துடுவாங்க. திருப்பி ஏச மாட்டாங்க. சொன்னதை இன்னொரு தரம் சொல்லச் சொல்லுவாங்க. சுத்தி நிக்கிறவங்களும் உட்கார்ந்துடுவாங்க. சொன்னவன் தப்புன்னு ஒத்துக்குற வரைக்கும் ஒருத்தரும் எழுந்திரிக்க மாட்டாங்க.

செம்பாயியோட மாமியார் உலகம்மைக்கு இதெல்லாம் சுத்தமாப் பிடிக்கலை. பொண்ணுன்னா முகத்துல சிரிப்பு வேணும், உனக்கு மரியாதை தெரியலைன்னு வருஷம் பூரா இடிச்சுக்கிட்டே இருந்தாங்க.

அப்போதான் அறுவடை விருந்துக்குக் கடுகண்டன்னு ஒரு மந்திரவாதி வந்து சேர்ந்தான். மூணு நாள் விருந்து. முதல் நாள் பாயசத்தை ஒரு வாய் குடிச்சுட்டு, சாத்தப்பனைப் பார்த்து, "நீ ஒரு கழுதை"ன்னான். சாத்தப்பன் சிரிச்சுக்கிட்டே தட்டை நீட்டினான். நீட்டின கை குளம்பாச்சு, காது நீண்டுச்சு, கழுதையாவே ஆயிட்டான். மூணாம் நாள் பொழுது சாயறதுக்குள்ள மாறலைன்னா ஆயுசுக்கும் கழுதைதான்னு மந்திரவாதி பெருமை வேற அடிச்சுக்கிட்டான்.

ராஜா என்ன செஞ்சார்ங்கிறீங்க? அவருக்கும் சிரிப்பு. அவர் கையிலயும் தட்டு. ஒரு மனுஷன் கண்ணு முன்னால கழுதையாப் போறான், விருந்தாளி மனசு கோணக்கூடாதாம்! சாத்தப்பன்தான் பாயசத்துல ஏதாவது குறை வச்சிருப்பான்னு ஊரே பேசிக்கிச்சு. கேட்டா உங்களுக்கு வயிறு எரியுதா இல்லையா?

செம்பாயி கழுதையைக் கட்டிப்பிடிச்சு அழுதா. அழுது முடிச்சுட்டு, ரெண்டாம் நாள் பந்தியில தூண் ஓரமா நின்னு கவனிச்சா. மந்திரவாதி மேளக்காரரைக் காக்கான்னான். மேளக்காரர் சிரிச்சார், காக்காயாப் பறந்தார். பக்கத்துல இருந்த கைக்குழந்தையைக் குரங்குன்னான். குழந்தைக்கு வழக்கம் தெரியுமா, மரியாதை தெரியுமா? வீல்னு கத்தின கத்துல சுத்தி இருந்தவங்க சிரிப்பும் நின்னுபோச்சு. அதுக்கு ஒண்ணும் ஆகலை. செம்பாயிக்குச் சட்டுனு விளங்கிப்போச்சு. மந்திரம் அவன் வாயில இல்லை, இவங்க சிரிப்புல இருக்கு.

மூணாம் நாள் சாயங்காலம் பரிமாறுறதுக்கு அவளே போனா. மந்திரவாதி நிமிர்ந்து பார்த்து, "கழுதை பொண்டாட்டியும் கழுதைதானே"ன்னான். செம்பாயி குழம்புச் சட்டியைக் கீழே வச்சா. அவன் இலைக்கு நேரா சம்மணம் போட்டு உட்கார்ந்தா.

"திரும்பச் சொல்லுங்க"ன்னா.

அவனை வாழ்நாள்ல யாரும் அப்படிக் கேட்டதில்லை. தடுமாறினாலும் சொல்லிட்டான். சுத்தி நின்ன நாப்பது பேரும் பழக்கதோஷத்துல சிரிச்சாங்க. அவ்வளவுதான், செம்பாயி காது ரெண்டும் நீள ஆரம்பிச்சுது. அவ சிரிக்கலை, ஆனா ஊர் சிரிச்சுதே! வெளியே பொழுது சாஞ்சுக்கிட்டிருந்துச்சு. கொட்டடியில கழுதை கத்துச்சு. செம்பாயி எழுந்திரிக்கலை.

உலகம்மை கையில வெற்றிலைத் தட்டோட நின்னாங்க. மகன் கழுதையானப்பவும் சிரிச்ச முகம் அது. மருமக காதைப் பார்த்தாங்க, கொட்டடிப் பக்கம் பார்த்தாங்க. சிரிப்பு மெல்லப் போச்சு. தட்டைத் தரையில வச்சுட்டு, முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு மருமக பக்கத்துல உட்கார்ந்தாங்க.

"என் மவனை என்ன சொன்னீரு? எனக்குக் காதுல விழணும், திரும்பச் சொல்லும்"னாங்க.

அப்புறம் மேளக்காரர் சம்சாரம் உட்கார்ந்தா. குழந்தையோட அம்மா உட்கார்ந்தா. ஒவ்வொரு தட்டாத் தரையில வைக்கிற சத்தம். கடைசியா, வேற வழியில்லாம, ராஜாவும் உட்கார்ந்தார். செம்பாயி காது பழையபடி ஆச்சு. அவ மறுபடியும் கேட்டா.

மந்திரவாதி வாயைத் திறந்தான். நாப்பது முகத்துல ஒண்ணுலகூடச் சிரிப்பு இல்லை. இனிமே சொன்னாலும் பலிக்காதுன்னு அவனுக்கே புரிஞ்சுபோச்சு. தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "தப்புதான், சொன்னதெல்லாம் தப்பு"ன்னான். வெயில் முழுசா இறங்குறதுக்குள்ள காக்கா மேளக்காரராச்சு. கொட்டடியில இருந்து சாத்தப்பன் வைக்கோலைத் தட்டிக்கிட்டே ஓடி வந்தான்.

தப்புன்னு ஒத்துக்கிட்டவனுக்குச் சோறு போடுறதும் மலைநாட்டு வழக்கம்தான். செம்பாயி அவன் இலையில சோறு வச்சா. ஒரு குறையும் சொல்லாம தின்னுட்டு, மந்திரமில்லாத வெறும் ஆளா நடந்து போனான். ராஜா செம்பாயியைப் பந்திக்கே தலைவியாக்கினார். அதுலயாவது அவருக்குப் புத்தி இருந்துச்சே!

சாத்தப்பனோ அன்னைக்குக் கொட்டடியில இருந்து வந்ததும் வராததுமா மந்திரவாதியைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே தட்டை எடுக்கக் குனிஞ்சிருக்கான். உலகம்மைதான் அவன் கையில ஒண்ணு வச்சு, "கீழே வைடா"ன்னாங்களாம்.

அவங்க அங்கே நல்லா இருந்தாங்க. கதை கேட்ட நீங்களும் நல்லா இருங்க.