முதுகு கொடுத்த நாடு

முன்னொரு காலத்தில், கடல் இப்போது நிற்கும் இடத்துக்கு ஒரு கூப்பிடு தூரம் அப்பால் நின்ற நாளில், வெள்ளளம் என்று ஒரு நாடு இருந்தது. கண்ணுக்கு எட்டிய மட்டும் உப்புப் பாத்திகள். விரலில் எந்தத் தண்ணீர் பட்டாலும் நாக்கில் வைத்துப் பதம் பார்த்துவிட்டுத்தான் அந்த நாட்டுக்காரர்கள் கையைத் துடைப்பார்கள். மழைத்தண்ணீரைக்கூட விடமாட்டார்கள். இந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதைக்கு வேண்டியிருக்கும்.

அந்த நாட்டில் அக்காள் தங்கை இரண்டு பேர். மூத்தவள் உலகாயி, வயது இருபத்திரண்டு. இளையவள் மயிலி, வயது பதினான்கு. அப்பா இல்லை. அம்மா இருந்தாள், பெரும்புயல் வரும் வரைக்கும். அந்தப் புயலில் கடல் பாத்திக்குள் ஏறி வந்து ஊரில் பாதிப் பேரை வாரிக்கொண்டு போயிற்று. மிச்சமிருந்தவர்கள் அழக்கூடத் தெம்பில்லாமல் வாயடைத்துக் கிடந்தார்கள்.

அப்போதுதான் கருணைவாரி அடிகள் வந்தார். கையில் ஒரு செப்புக்குடம். ஒவ்வொரு வீட்டிலும் தரையில் உட்கார்ந்து, "அழு தாயே, அழு. நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்றார். ஊர் அழுதது. நெஞ்சு லேசாயிற்று. அன்றைக்கு அவர் செய்தது நல்லதுதான், அல்லது நல்லது போலவே இருந்தது.

பிறகு ஒரு மண்டபம் எழும்பியது. வெள்ளிக்கிழமை தோறும் உச்சிவேளையில் ஊர் அங்கே கூடும். அடிகள் மூன்று முறை சொல்லுவார்: "ஆண்டவன் தாகமாக இருக்கிறான். ஆண்டவன் தாகமாக இருக்கிறான். ஆண்டவன் தாகமாக இருக்கிறான்." ஊர் அழும். கண்ணீர் தரையில் ஊர்ந்து தானாகவே குடத்தில் போய்ச் சேரும். அழுகையை யாராவது ஆரம்பிக்க வேண்டுமே? உலகாயி ஒரு விம்மல் விம்மினால் முன்வரிசை விம்மும், முன்வரிசை விம்மினால் மண்டபமே விம்மும். அடிகள் அதைக் கவனித்தார். அவளை முதல் அழுகைக்காரி ஆக்கி, கையில் வெள்ளிக்காப்பு போட்டார். தனியாகக் கூப்பிட்டு ஒரு விஷயமும் சொன்னார். அவளுடைய அம்மா ஆண்டவன் வாசலில் நா வறண்டு நிற்கிறாளாம். குடத்தில் சேரும் கண்ணீரில் ஒரு மடக்கு அவளுக்குப் போகிறதாம். குடம் நிறையாத நாளில் அவள் வெறும் வாயோடு திரும்புவாளாம்.

அதற்கப்புறம் உலகாயி எப்படி அழாமல் இருப்பாள்?

அழாதவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு வறண்டவர் என்று பெயர் வந்தது. யார் வைத்த பெயர் என்று யாருக்கும் தெரியாது. வறண்டவரை மண்டபத்தின் மூன்றாம் தூணருகில் நிறுத்தி, ஊர் முதுகு கொடுக்கும். அடிக்க மாட்டார்கள், ஏச மாட்டார்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த மண்டபத்தில் ஒரு மாயம் இருந்தது. முதல் வெள்ளி தெரு முதுகு கொடுத்தால் வறண்டவரின் நிழல் போய்விடும். இரண்டாம் வெள்ளி உறவு முதுகு கொடுத்தால் முழங்கால் வரைக்கும் போய்விடும். மூன்றாம் வெள்ளி, கூடப் பிறந்ததோ கட்டியதோ பெற்றதோ முதுகு கொடுத்துவிட்டால் ஆளே போய்விடும்.

மயிலிக்கு அழுகை வரவில்லை. வீட்டில் உலகாயி கெஞ்சிப் பார்த்தாள், மிரட்டிப் பார்த்தாள், கண்ணில் வெங்காயத்தைத் தேய்த்துக்கொண்டாவது வா என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள்.

"அம்மாவ நெனச்சா அவ சிரிச்சதுதான்க்கா ஞாபகம் வருது," என்றாள் மயிலி. "அந்தச் சிரிப்ப நெனச்சு நான் எப்படி அழுவேன்?"

முதல் வெள்ளி தெரு திரும்பியது, நிழல் போயிற்று. இரண்டாம் வெள்ளி சித்தப்பாவும் அத்தையும் திரும்பினார்கள், முழங்கால் போயிற்று. மூன்றாம் வெள்ளி ஊரெல்லாம் உலகாயியைப் பார்த்தது.

அடிகள் அப்போதும் குரலை உயர்த்தவில்லை. அவள் தலைமேல் கை வைத்தார். "நான் எதுவும் சொல்ல மாட்டேன் தாயே. அவள் உன் தங்கை. நீ அவளைப் பார்த்தபடியே நிற்கலாம். உன் அம்மா இன்னும் கொஞ்ச நாள் தாகத்தைப் பொறுத்துக்கொள்வாள்."

உலகாயி திரும்பினாள்.

"அக்கா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அவள் திரும்பவில்லை. "அக்கா," என்றது மறுபடி, கொஞ்சம் மெல்ல. அவள் திரும்பவில்லை. மூன்றாம் தரம் வந்தது வெறும் மூச்சு. அதற்கும் திரும்பவில்லை.

அன்றைக்குக் குடம் நிறைந்து வழிந்தது.

பதினெட்டு வருடம் போயிற்று. உலகாயியின் தலை நரைத்தது. மூன்றாம் தூணுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் அவள் ஒவ்வொரு வெள்ளியும் அழுதாள். அந்தத் தூணருகில் இன்னும் எத்தனையோ பேர் நின்றார்கள், போனார்கள். ஊரில் ஆள் குறைந்துகொண்டே வந்ததை யாரும் பேசவில்லை. பேசினால் கண் வறண்டுவிடுமோ என்று பயம்.

ஒரு வெள்ளிக்கிழமை குடத்தைத் தூக்கிக்கொண்டு போகும்போது அது தளும்பி அவள் விரல் நனைந்தது. உப்பு நாட்டுக்காரி அல்லவா, யோசிக்காமலே விரலை நாக்கில் வைத்தாள். உப்பு இல்லை. ஊர் அழுத கண்ணீரில் உப்பு இல்லை.

வீட்டுக்கு வந்து தன் கன்னத்தில் காயாமல் இருந்ததைத் தொட்டு வைத்துப் பார்த்தாள். அதிலும் உப்பு இல்லை. நாக்குதான் செத்துவிட்டது என்று நினைத்துப் பாத்திக்கு ஓடி, குனிந்து, ஒரு விரல் தொட்டு வைத்தாள். சுரீரென்று கரித்தது.

"நாக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு உலகாயி," என்றது ஒரு குரல்.

வரப்போரம் ஒரு பூநாரை ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தது. உலகாயிக்குத் தூக்கிவாரிப்போட்டது. பூநாரை அதைச் சட்டை செய்யவில்லை. "பதினெட்டு வருஷமா இதே வரப்புலதான் நிக்கிறேன். ஒரு நாளாவது ஏன்னு கேட்டிருப்பியா? ஒனக்குத்தான் திரும்பிப் பார்க்கிற பழக்கமே கெடையாதே."

அவள் தலை குனிந்தாள். பிறகு, கண்ணீரில் உப்பு எங்கே போயிற்று என்று கேட்டாள்.

தன் துக்கத்துக்குத் தானாக வரும் அழுகையில்தான் உப்பு இருக்கும் என்றது பூநாரை. பக்கத்து ஆளைப் பார்த்துப் பயந்து அழும் அழுகையில் வெறும் தண்ணீர்தான் வரும். அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் ஒருவர் உயிர் வாழ்கிறார். உப்புப் பட்டால் அவருக்கு ஆகாது.

உலகாயிக்கு அப்போதுதான் உறைத்தது. தன் தலை நரைத்துவிட்டது. அடிகளின் தாடியில் ஒரு மயிர்கூட நரைக்கவில்லை. ஊர் அதைத் தவம் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

"அப்போ எங்கம்மா?"

"கடலோட போனவளுக்கு ஏதும்மா தாகம்?"

பிறகு தங்கையைப் பற்றிக் கேட்டாள். பூநாரை காலை மாற்றி நின்றது. மயிலி எங்கும் போகவில்லை என்றது. அந்தத் தூணருகிலேயே நிற்கிறாள். அக்கா திரும்புவாள் என்று நின்றுகொண்டிருக்கிறாள்.

அவளை மீட்க ஒரே வழிதான் இருந்தது, அதையும் பூநாரையே சொன்னது. ஊர் கூடியிருக்கும்போது தூணைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். செய்ததை மூன்று தரம் சொல்ல வேண்டும். ஒரு சொட்டு அழக்கூடாது. அவள் அழுதால் ஊர் அழும், ஊர் அழுதால் சொன்னது எவர் காதிலும் ஏறாது. அழாவிட்டால் ஊர் அவளுக்கும் முதுகு கொடுக்கும், மூன்று வெள்ளியில் நடப்பது சொல்லுக்கு ஒன்றாக அன்றைக்கே நடந்துவிடும். ஒரே ஒரு முகமாவது அவள் பக்கம் திரும்பினால் பிழைப்பாள். இல்லையென்றால் தங்கைக்குப் பக்கத்தில் அவளும்.

அடுத்த வெள்ளியே உலகாயி சொல்லிவிட்டாள் என்று நினைக்கிறீர்களா? இல்லை. அந்த வெள்ளி போனாள், பயந்தாள், வழக்கம்போல் அழுதுவிட்டு வந்தாள். அதற்கடுத்த வெள்ளியும் அப்படியே. காப்பைக் கழற்றிவிட்டுத்தான் பேச வேண்டும், கை வீங்கிக் காப்பு கழலமாட்டேனென்கிறது என்று தனக்குத்தானே ஒரு சாக்கு. வரப்பில் பூநாரை அதே ஒற்றைக்காலில் நின்றது. அதுதான் அவளைச் சுட்டது.

மூன்றாம் வெள்ளி. "ஆண்டவன் தாகமாக இருக்கிறான்," என்றார் அடிகள் மூன்றாம் முறை. ஊர் உலகாயியின் விம்மலுக்குக் காத்திருந்தது. அவள் மெல்லத் திரும்பினாள். தூணைப் பார்த்தாள்.

"இந்தத் தூண்கிட்ட என் தங்கச்சி மயிலி நின்னா. அவ மேல ஒரு குத்தமும் இல்ல. அவளுக்கு அழுகை வரல, அவ்வளவுதான். அவளுக்கு முதுகு கொடுன்னு என்கிட்ட யாரும் சொல்லல. நான்தான் கொடுத்தேன்."

அடிகள் பரிவாகச் சிரித்தார். "நம் உலகாயித் தாய்க்கு உடம்பு சரியில்லை. அவளுக்காக எல்லோரும் அழுங்கள்." ஊர் முயன்றது. முதல் விம்மல் இல்லாமல் யாருக்கும் வரவில்லை. அடிகள் பெருமூச்சு விட்டு, முதல் முறையாகத் தாமே முதுகைத் திருப்பினார். தெரு திரும்பியது. உலகாயியின் நிழல் போயிற்று.

இரண்டாம் தரம் சொன்னாள். உறவு திரும்பியது. முழங்கால் போயிற்று. கண்ணுக்குள் எரிந்தது. இமையைக் கொட்டாமல் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாம் தரம் சொல்லும்போது குரலே பாதிதான் இருந்தது. "நான்தான் கொடுத்தேன்."

கடைசி வரிசையில் உப்பு வாரும் கோட்டையன் நின்றிருந்தான். பத்து வருடத்துக்கு முன்னால் தன் பெண்டாட்டி பேச்சிக்கு முதுகு கொடுத்தவன். அவன் திரும்பி உலகாயியின் முகத்தைப் பார்த்தான்.

"எனக்கும் யாரும் சொல்லல," என்றான். "நானும்தான் கொடுத்தேன்."

அவன் கன்னத்தில் ஒரு சொட்டு இறங்கி, வாயோரம் கரித்தது. பக்கத்தில் நின்றவள் திரும்பினாள். அவளுக்குப் பக்கத்தில் நின்றவன் திரும்பினான். நானும்தான், நானும்தான், நானும்தான் என்று மண்டபம் முழுக்க முனகல் பரவியது. அடிகள் அவசரமாகக் குடத்தை எடுத்து வாயில் கவிழ்த்தார். அதற்குள் கோட்டையனின் கண்ணீரும் அவனைப் போன்றவர்களின் கண்ணீரும் விழுந்திருந்தன. ஒரு மடக்குதான். தாடி வெளுத்தது, தோல் சுருங்கியது, காவித்துணி கீழே விழுந்தது. அதற்குள் ஒரு பிடி காய்ந்த பாசி மட்டும் கிடந்தது.

மூன்றாம் தூணருகில் ஒவ்வொருவராகத் தெரிந்தார்கள். பேச்சி வந்தாள். பேர் மறந்துபோன யார் யாரோ வந்தார்கள். எல்லோருக்கும் போன அன்றைக்கு இருந்த வயதுதான். சிலருக்கு, திரும்பிப் பார்க்க வேண்டியவர்கள் உயிரோடு இல்லை. அவர்கள் கூட்டத்தில் தேடித் தேடிப் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். மாயம் உடைந்தது, வருடங்கள் திரும்பவில்லை.

கடைசியில் மயிலி வந்தாள். பதினான்கு வயது. பின்னல் பாதி அவிழ்ந்திருந்தது. எதிரில் நரைத்த தலையோடு நின்றவளைப் பார்த்து மரியாதையாகக் கேட்டாள்:

"எங்க அக்காவப் பாத்தீங்களா? இப்பத்தான் இங்க நின்னா."

"நான்தான்டி மயிலி."

மயிலி அந்த முகத்தை மேலும் கீழும் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகத்தில் பயம்தான் ஏறியது. எங்க அக்காவுக்கு நரைக்கவில்லை என்று சொல்லி ஓரடி பின்னால் நகர்ந்தாள். பிறகு மயிலியே தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நிக்கிறீங்களா?"

இனி எவருக்கும் திரும்புவதில்லை என்று சற்றுமுன்தான் உலகாயி மனசுக்குள் சொல்லியிருந்தாள். இருந்தாலும் திரும்பினாள். கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, மூன்று மூச்சு.

முதுகில் ஒரு சின்னக் கை வந்து படிந்தது.

"அக்கா," என்றாள் மயிலி. பதினெட்டு வருடத்தை ஒரே நொடியாகப் பார்த்துக்கொண்டு நின்ற முதுகு அவளுக்குத் தெரியாதா?

உலகாயி சட்டென்று திரும்பி அவளை வாரி அணைத்துக்கொண்டாள். அழுகை வந்தது. அதை யாரும் ஆரம்பித்து வைக்கவில்லை, கூட யாரும் அழவில்லை. ஒரு சொட்டு மயிலியின் விரலில் விழுந்தது. உப்பு நாட்டுப் பிள்ளை அல்லவா, யோசிக்காமலே அதை நாக்கில் வைத்தாள்.

"நல்லாக் கரிக்குதுக்கா," என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் பூநாரை மற்றக் காலையும் கீழே ஊன்றி, இறக்கையை விரித்து, கடலைப் பார்த்துப் பறந்து போயிற்று. மண்டபத்தில் இப்போது உப்பு குவித்துவைக்கிறார்கள். மூன்றாம் தூணுக்கு முதுகைக் காட்டி மட்டும் அங்கே யாரும் நிற்பதில்லை. அந்தப் பக்கம் போனால் நீங்களும் நின்று பாருங்கள், எந்தப் பக்கம் திரும்பத் தோன்றுகிறதென்று.