முள் முறித்த காலணி

மலைகளுக்கு யாரும் பேர் வைத்திராத அந்தக் காலத்தில் மரமும் பேசும், மிருகமும் பேசும். மனிதனும் பேசுவான்தான், ஆனால் அவன் பேச்சுக்கு இப்போது இருக்கிற மவுசு அப்போது இல்லை. ஒரு கிளையை ஒடிக்க வேண்டுமென்றால் மரத்திடம் ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும். தேன் எடுக்கப் போனால் தேனீயிடம் கேட்க வேண்டும். சில நாள் தேனீ, "இன்னிக்கு முடியாது, போயிட்டு அப்புறம் வா" என்று சொல்லிவிடும். வெறும் குடுவையோடு திரும்பி வர வேண்டியதுதான்.

அப்படிக் கேட்டுக் கேட்டு வாழ்ந்த ஒரு கூட்டம் மலைச்சரிவுகளில் தினை விதைத்துப் பிழைத்தது. அதே சரிவுகளில் புல் மேய்வதற்குக் காட்டெருமைகளும் வந்தன. சண்டை போட்டால் இரண்டு பக்கமும் ரத்தம் சிந்தும். அதனால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். மழைக்காலம் முடிகிற சமயத்தில் மனிதர்களும் காட்டெருமைகளும் பந்தாடுவார்கள். கொம்பும் கூடாது, கையும் கூடாது, காலால் மட்டும்தான். எதிர்ப்பக்கத்தின் இரண்டு எல்லை மரங்களுக்கு நடுவே பந்தை முதலில் இரண்டு தடவை அனுப்புகிறவர்கள் ஜெயித்தவர்கள், அவர்களுக்கு ஒரு சரிவு சொந்தம்.

நல்ல ஏற்பாடுதான். என்ன, மனிதர்கள் தோற்றுக்கொண்டே இருந்தார்கள்! குளம்புள்ளவனோடு வெறுங்காலன் மோதினால் வேறென்ன நடக்கும்? பந்தோ பிரம்பால் பின்னி, பலாப்பாலில் முக்கிக் காயவைத்தது. கல் மாதிரி இருக்கும். ஆட்டம் முடிந்தால் பாதிப்பேர் நொண்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். இப்படி ஒவ்வொரு சரிவாகப் போய், கடைசியில் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. அதுவும் போய்விட்டால் மலைக்கு அந்தப்பக்கம் போக வேண்டும். அந்தப்பக்கம் வெறும் பாறை. கிழங்குகூட முளைக்காது. கைக்குழந்தைகளை வைத்திருந்தவர்கள் அந்தப்பக்கத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுவார்கள்.

கூட்டத்தில் நன்றாக உதைக்கத் தெரிந்தவன் செங்கான். போன ஆட்டத்தில் அவன் வலதுகால் மேல் ஒரு குளம்பு இறங்கிவிட்டது. விரல்கள் கூடின, ஆனால் கோணலாகக் கூடின. அவனுடைய அக்கா வேம்பி, பாளையிலும் பட்டையிலும் குடுவை தைக்கிறவள். அவள் தைத்த குடுவையில் ஒரு சொட்டு ஒழுகாது. தம்பியின் காலைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு வயிறு எரிந்தது.

"தேனுக்குக் குடுவை இருக்கு, தண்ணிக்குக் குடுவை இருக்கு. காலுக்கு ஒண்ணு தைச்சா என்ன?" என்றாள்.

அதுவரை காலுக்கு யாரும் எதுவும் தைத்ததில்லை. எல்லோரும் சிரித்தார்கள். செங்கானும் சிரித்தான். வேம்பி சிரிக்கவில்லை.

முதலில் தடித்த மரப்பட்டையில் தைத்தாள். ஆமை ஓட்டுக்குள் காலை விட்ட மாதிரி இருந்தது. செங்கான் உதைத்தான். பந்து ஒரு பக்கம் போயிற்று, அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பந்து காலுல பட்டுச்சா இல்லையான்னே தெரியலக்கா. மரக்கால மாட்டிக்கிட்டு ஆடுற மாதிரி இருக்கு."

வேம்பி அதைப் பிரித்துப்போட்டாள். கமுகம்பாளையை ஓடைத்தண்ணீரில் ஊறவைத்து, துணிபோல் துவளும்வரை கல்லில் தட்டி, அதைக் கொண்டு மேல்பக்கத்தைத் தைத்தாள். விரல் முனையில் மட்டும் இரண்டு மடிப்பு. கால் உள்ளே அசையாமல் இருக்க, மேலே கொடியைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து இழுத்துக் கட்டினாள். செங்கான் உதைத்தான். அவன் முகம் மலர்ந்துவிட்டது. பந்தின் பின்னல்கூடக் காலுக்குத் தெரிந்தது. நினைத்த இடத்துக்குப் போயிற்று.

ஆனால் ஈரப்புல்லில் ஓடச் சொன்னால் விழுந்தான். எழுந்து ஓடினால் மறுபடியும் விழுந்தான். வேலை வெட்டி இல்லாத மைனாக்கள் கிளையில் உட்கார்ந்து அவன் விழுவதைப் பார்த்துக் கெக்கலி கொட்டின.

"வெறுங்காலுன்னா நிலம் புடிச்சுக்குதுக்கா. இதைப் போட்டா, நீ யாருடான்னு கேட்டுத் தள்ளிவிடுற மாதிரி இருக்கு" என்றான் செங்கான், முழங்காலைத் தேய்த்துக்கொண்டே.

அவன் வலியில் சொன்னான். அதை வேம்பி காதில் போட்டுக்கொள்ளவில்லை. வழுக்காமல் நடப்பது யார் என்று மட்டும்தான் யோசித்தாள்.

பாறைமேல் படுத்திருந்த சிறுத்தையிடம் போனாள். "உன் காலைக் கொஞ்சம் காட்டுவியா?" என்று கேட்டாள்.

சிறுத்தை கொட்டாவி விட்டுவிட்டு முன்காலை நீட்டியது. பஞ்சுபோல் இருந்த பாதத்திலிருந்து நகங்கள் மெல்ல வெளியே வந்தன. "இது எப்பவும் வெளிய நிக்காது, பொண்ணே. வேணும்கிறப்ப மட்டும்தான். மத்த நேரம் உள்ள இழுத்துக்குவேன்" என்றது.

வேம்பி நகத்தைப் பார்த்தாள். சொன்னதைக் கேட்கவில்லை. கை வேலைக்காரர்களுக்கு இப்படி ஆவதுண்டு. கண் நிறைந்துவிட்டால் காது அடைத்துவிடும்.

நேராக முள்ளிலவ மரத்திடம் ஓடினாள். அதன் அடிமரத்தைப் பார்த்திருப்பீர்கள். பட்டை முழுக்க முள், ஒவ்வொன்றும் அடியில் அகலம், நுனியில் ஊசி. "உன் பட்டையில ரெண்டு துண்டு வேணும், முள்ளோட" என்று கேட்டாள்.

மரம் யோசித்தது. மரங்கள் யோசிக்க ஆரம்பித்தால் சட்டென்று முடியாது. வேம்பி பொறுமையாக நின்றாள். மழை வந்து நனைத்துவிட்டுப் போனது. அப்புறம் மரம், "எடுத்துக்கோ, எனக்கு வளரும்" என்றது.

இங்கேதான் அவள் தவறினாள். அந்தக் கூட்டத்தில் யாராக இருந்தாலும் தவறியிருப்பார்கள். கமுகிடம் கேட்டுப் பாளை எடுத்தாள். கொடியிடம் கேட்டுக் கொடி எடுத்தாள். சிறுத்தையிடம் கேட்டாள், இலவிடம் கேட்டாள். அந்த முட்கள் யார்மேல் இறங்கப்போகின்றனவோ, அவளிடம் மட்டும் கேட்கவில்லை. ஏனென்றால் நிலத்திடம் யாரும் எதுவும் கேட்டதே இல்லை. நிலத்திலிருந்து எதையும் ஒடிக்கவில்லை, உரிக்கவில்லை, அதன்மேல் சும்மா நிற்கிறோம், அவ்வளவுதானே என்று இருந்துவிட்டார்கள்.

முள் கீழே பார்க்கும்படி அந்தத் துண்டுகளைக் காலணிகளின் அடியில் வைத்துத் தைத்தாள். கடைசித் தையலைப் போட்டு முடிச்சிட்டபோது ஆட்டத்துக்கு அழைப்பு வந்துவிட்டது. ஒருமுறை போட்டுப் பார்க்கக்கூட நேரமில்லை.

காடே கூடியிருந்தது. மேட்டில் மான்கள், மரங்களில் குரங்குகள், பாறை விளிம்பில் வரையாடுகள். நடுவர், யானைக் கூட்டத்துக்கே மூத்த பெண் யானை. அவள் சொன்னால் சொன்னதுதான், அதற்குமேல் யாரும் வாய் திறக்க முடியாது. ஒரு பக்கம் காட்டெருமைகளும் அவற்றின் தலைவன் காரனும். இன்னொரு பக்கம் மனிதர்கள். அவர்களுக்குப் பின்னால் பெண்கள் மூட்டை முடிச்சோடு நின்றார்கள். தோற்றால் அப்படியே கிளம்ப வேண்டும்.

முதலில் காரன் பந்தை மனிதர்களின் எல்லை மரங்களுக்கு நடுவே அனுப்பிவிட்டான். பெண்களில் ஒருத்தி அழத் தொடங்கினாள். அப்போதுதான் செங்கான் காலணியின் கொடியை இழுத்துக் கட்டிக்கொண்டு இறங்கினான்.

அந்த ஓட்டத்தை என்ன சொல்ல! ஈரப்புல்லில் அவன் வளைந்தான், நின்றான், திரும்பினான். ஓர் இடத்திலும் கால் நழுவவில்லை. காட்டெருமைகள் சறுக்கின, அவன் சறுக்கவில்லை. காரனையே சுற்றிக்கொண்டு போய் உதைத்தான். பந்து எதிர்மரங்களுக்கு நடுவே போய் விழுந்தது. சமம்! மைனாக்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டன. வேம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவன் ஓடிய தடத்தை யாரும் பார்க்கவில்லை. கால் வைத்த இடமெல்லாம் துளை துளையாக இருந்தது. அந்தத் துளைகளில் செம்மண் நீர் ஊறி நின்றது.

மறுபடியும் பந்து செங்கானிடம் வந்தது. எதிரே யாருமில்லை. இடதுகாலை ஊன்றினான், உதைப்பதற்கு வலதுகாலை எடுக்கப் பார்த்தான். அது மண்ணிலேயே மாட்டிக்கொண்டது. ஊன்றிய காலும் வரவில்லை. கணுக்கால்வரை உள்ளே போனது.

"அக்கா!" என்று கத்தினான். மண் அவன் முழங்காலைத் தொட்டது.

ஆட்கள் கம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூத்த யானை துதிக்கையைக் குறுக்கே நீட்டி அவர்களை நிறுத்தினாள். முன்காலைத் தூக்கி, நுனியை மட்டும் மண்ணில் வைத்து, காதை அசைக்காமல் நின்றாள். யானைகள் காலால் கேட்கும். அவள் அப்படி நின்றதைப் பார்த்ததும் காடு முழுக்கச் சத்தம் அடங்கியது.

"இழுக்காதீங்க. நிலம் பேசுது" என்றாள் யானை.

மரம் பேசிக் கேட்டிருக்கிறார்கள், காற்று பேசிக் கேட்டிருக்கிறார்கள். நிலம் பேசி அதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. மான்கள் மண்டியிட்டன. குரங்குகள் மரத்தைவிட்டு இறங்கி வந்து உட்கார்ந்தன. காரன் தன் பெரிய தலையைத் தாழ்த்திப் புல்லில் வைத்துக்கொண்டான். பந்து அவன் மூக்குக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அதைத் தொடவில்லை.

வேம்பி ஓடிப்போய்த் தம்பியின் பக்கத்தில் விழுந்து, உள்ளங்கையை மண்ணில் பதித்தாள். அப்போது அந்தக் குரல் எல்லோருக்கும் கேட்டது. காதில் கேட்கவில்லை. அடிவயிற்றில் கேட்டது.

"இந்தக் கையை எனக்குத் தெரியும். தினை விதைச்ச கை. இந்தக் காலு யாருது?"

"என் தம்பி காலு, தாயே."

"உன் தம்பி காலு எனக்குத் தெரியாதா? அவன் மொதமொத எந்திரிச்சு நின்னப்பத் தாங்குனது நான். போன மழையில அவன் நொண்டுனப்ப, அந்தக் கோண விரலுக்குத் தக்கபடி குழைஞ்சு குடுத்தது நான். உங்க எல்லாரையும் உள்ளங்காலு வழியாத்தான் எனக்குத் தெரியும். வயித்துல புள்ளை இருக்கிறவ நடை கனத்தா அவளுக்கு முன்னாடி எனக்குத் தெரியும். பாளையால மூடிக்கிட்டு ஒரு காலு வந்துச்சு. யாரோன்னு விலகிக்கிட்டேன். அப்புறம் அதே காலு முள்ளோட வந்துச்சு. நான் என்ன செஞ்சேன் உங்களுக்கு?"

அந்தக் கேள்வியைக் கேட்டுப் பெண்களின் தலையிலிருந்த மூட்டைகள் தாமாக இறங்கின.  வேம்பிக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை.

"எல்லார்கிட்டயும் கேட்டேன், தாயே. உன்கிட்ட மட்டும் கேக்கலை. நீ எப்பவும் இருந்தே. எப்பவும் இருக்கிறவகிட்டக் கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்லை. தப்பு என்னுது. அவனை விட்டுடு, என்னை எடுத்துக்கோ."

  மெல்ல மண் இளகியது. முதலில் இடதுகால், அப்புறம் வலதுகால். செங்கான் புல்லில் சாய்ந்தான்.

வேம்பி அவன் காலை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். கல்லைத் தேடவில்லை. முள் நுனிகளைப் பல்லால் கடித்து ஒவ்வொன்றாக முறித்தாள். உதடு கிழிந்தது, நிறுத்தவில்லை. நுனிகள் போனபிறகு அகன்ற அடிக்கட்டைகள் மட்டும் பட்டையில் நின்றன. மழுங்கி, உருண்டு, கால்விரல் நுனிகளைப்போல் இருந்தன.

"இப்ப வைக்கட்டுமா, தாயே?" என்று கேட்டாள்.

"வை."

செங்கான் எழுந்து, பயந்து பயந்து ஊன்றினான். தடவிக்கொடுத்தால் பசுவின் தோல் சிலிர்க்குமே, அப்படிச் சரிவு முழுக்க ஒரு சிலிர்ப்பு ஓடியது. புல் எல்லாம் ஒருதரம் அசைந்து நின்றது.

"ஊனிக்கோ. குத்தாதே" என்றது நிலம். "காலை மூடிக்கிட்டு வர்றவன் யாருன்னு எனக்குத் தெரியாது. அதனால வரும்போது கையைக் காட்டிட்டு வா."

அவ்வளவுதான் சொன்னது. அதற்குப் பிறகு நிலம் யாரிடமும் பேசியதில்லை.

வெகுநேரம் யாரும் எழவில்லை. கடைசியில் காரன்தான் தலையைத் தூக்கினான். "பந்து அவன்கிட்ட இருந்துச்சு. அவனே உதைக்கட்டும்" என்று யானையிடம் சொல்லிவிட்டு, தன் எல்லை மரங்களுக்கு நடுவே போய் நின்றுகொண்டான். விட்டுக்கொடுக்கவில்லை, தடுக்கத்தான் நின்றான். ஆட்டம் என்றால் ஆட்டம்.

செங்கான் குனிந்தான். உள்ளங்கையை மண்ணில் வைத்தான். "ஆட்டத்துல கை கூடாதே!" என்று ஓர் இளங்காளை முணுமுணுத்தது. "பந்துலதான் கூடாது" என்றாள் யானை. செங்கான் அந்தக் கையை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டான்.

பிறகு ஓடினான். இடதுகாலை ஊன்றியபோது கீழிருந்து யாரோ உள்ளங்காலைத் தாங்கிப் பிடித்ததை அவன் உணர்ந்தான். சாகிறவரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தான். உதைத்த பந்து காரனின் தலைக்குமேல் எழும்பி, வளைந்து, மரங்களுக்கு நடுவே இறங்கியது. பெண்கள் மூட்டைகளை அங்கேயே பிரித்தார்கள்.

அன்றைக்குத் தொடங்கியதுதான். பந்தை உதைக்கும் காலணிக்கு அடியில் குமிழ்கள் இருக்கின்றன, ஆனால் ஒன்றுக்கும் முனை கிடையாது. அதை மாட்டிக்கொண்டு ஆடப்போகிறவர் எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும், கோட்டைத் தாண்டும்முன் குனிந்து நிலத்தைத் தொட்டு, அந்தக் கையைக் கண்ணில் ஒற்றி, தான் யார் என்று அவளுக்குச் சொல்லிவிட்டுத்தான் காலை எடுத்து உள்ளே வைக்கிறார்.