மூன்று குண்டும் ஒரு பலா இலையும்

இரண்டு வருடமாக மழை ஏமாற்றிவிட்ட ஒரு காட்டில், பாறைச் சரிவின் அடியில் ஒரு சுனை இருந்தது. கோடையில் அந்தக் காட்டுக்கே அது ஒன்றுதான் தண்ணீர். இரவெல்லாம் ஊறிக் காலையில் நிற்கிற தண்ணீர் ஒரு கூட்டம் குடிக்கப் போதும். மாலையில் வருகிற கூட்டத்துக்குக் கலங்கலும் சேறும்தான் மிஞ்சும்.

காலை முறை யாருக்கு என்று குரங்குகளும் நரிகளும் முன்பெல்லாம் கடித்துக் குதறிக்கொள்ளும். அப்புறம் ஒரு வேட்டைக்காரன் போட்டுவிட்டு ஓடிய நாட்டுத் துப்பாக்கி ஒன்று கிடைத்தது. குழாயின் வாய் வழியாக வெடிமருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிக்கிற பழைய துப்பாக்கி. அன்றோடு சண்டை நின்றது. பந்தயம் வந்தது.

பங்குனி பிறந்ததும் ஒவ்வொரு கூட்டமும் அறுபது தப்படி தள்ளி நட்ட பலகையில் மூன்று குண்டு சுட வேண்டும். பிறகு கரடியார் வந்து துளைகளின் மேல் இலையை வைத்துப் பார்ப்பார். மூன்று துளைகளையும் எந்தக் கூட்டம் சிறிய இலைக்குள் அடக்குகிறதோ, அந்தக் கோடை முழுவதும் காலை முறை அதற்குத்தான்.

போன வருடம் நரிகள் ஜெயித்தன. மாலைச் சேற்றைக் குடித்துக் குரங்குக் கூட்டத்தில் இரண்டு குட்டிகள் செத்துப்போயின. இந்த வருடம் மடியில் குட்டியோடு ஐந்து தாய்க் குரங்குகள் இருந்தன. ஐந்தும் வெடுக்கனையே பார்த்துக்கொண்டிருந்தன.

வெடுக்கன்தான் இந்த வருடம் குரங்குகளுக்காகச் சுடப் போகிறவன். கண் கூர்மை. குறி வைக்கிற நேரத்தில் கை ஆடாது. மற்ற நேரமெல்லாம் அந்தக் கை எதிலும் நிலைக்காது. ஒருவனுக்குப் பேன் பார்க்க உட்கார்ந்தால் பாதித் தலையோடு எழுந்து போய்விடுவான்.

பழகிப் பார்க்க ஒவ்வொரு கூட்டத்துக்கும் துப்பாக்கி ஆறு நாள் கிடைக்கும். குரங்குகளிடம் இருபது முறை சுடுவதற்கான மருந்து இருந்தது. பந்தயத்துக்கு மூன்று போனால் பதினேழு.

கெட்டிக்கிற விதம் வெடுக்கனுக்குத் தெரியும். மூங்கில் குழலில் மருந்தை அளந்து குழாய்க்குள் கொட்ட வேண்டும். எண்ணெய் தடவிய துணித் துண்டை வாயில் விரித்து, அதன் நடுவில் ஈய உருண்டையை வைத்து, கம்பியால் அடிவரை இறக்க வேண்டும். துணிதான் குண்டைக் குழாயோடு இறுக்கிப் பிடிக்கும். வெடித்ததும் குண்டு பலகைக்குப் போகும். துணி பாதி வழியில் கழன்று தரையில் விழும்.

எவ்வளவு மருந்து, எந்தத் துணி, என்ன எண்ணெய்? அதுதான் தெரியவில்லை. போன வருடம் சுட்டவன் யாரிடமும் சொல்லாமலே சிறுத்தைக்கு இரையாகியிருந்தான்.

முதல் நாள் ஒரு குழல் மருந்து, மெல்லிய துணி, வேப்பெண்ணெய் போட்டுச் சுட்டான். குண்டு பலகையின் மேல் மூலையில் பட்டது.

"சே!" என்றான். உடனே ஒன்றரைக் குழல் மருந்து போட்டான். துணியை இரண்டாக மடித்தான். எண்ணெயை மாற்றி விளக்கெண்ணெய் தடவினான். குண்டு கீழே போயிற்று. மறுபடியும் எல்லாவற்றையும் மாற்றினான். மூன்றாவது குண்டு பலகைக்கே போகவில்லை.

பலகைக்குப் பக்கத்துப் பொந்திலிருந்து உருளி என்ற அழுங்கு, செதில் போர்த்திய எறும்புதின்னி, தலையை நீட்டியது. குரங்குகள் குடிக்கிற நேரத்தில்தான் அதற்கும் தண்ணீர்.

"யாரடா அது? பட்டப்பகலில் மனுஷன் தூங்க வேண்டாமா?"

"நீ எப்போது மனுஷன் ஆனாய், மச்சான்? எழுந்ததுதான் எழுந்தாய், குண்டு எங்கே பட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்!"

"ஒன்று மூலையில். ஒன்று கீழே. இன்னொன்று என் பொந்து வாசலில். மாப்பிள்ளை, நீ பலகையைச் சுடுகிறாயா, என்னைச் சுடுகிறாயா?"

அன்று மாலை மென்வாயன் வந்தான். நரிகளுக்காகச் சுடுகிறவன் அவன்தான். பேச்சில் அப்படியொரு இனிப்பு.

"சும்மா இந்தப் பக்கம் போனேன், தம்பி. வெடிச் சத்தம் கேட்டது. மருந்து குறைச்சலோ? நாங்களெல்லாம் குழலுக்கு மேல் ஒரு கை அள்ளிப் போடுவோம். இந்தா, கொஞ்சம் பட்டுத்துணி. உனக்கு ஆகும்."

மறுநாள் மயில் நெய் கொண்டுவந்தான். அதற்கு மறுநாள், "குண்டைக் கம்பியால் இரண்டு குத்துக் கூடுதலாகக் குத்திப் பாரேன்" என்றான். எதைச் சொன்னாலும் வெடுக்கனின் கை அங்கே ஓடியது. புதிதாக ஒன்றைச் செய்து பார்ப்பதில் ஒரு சுகம் இருந்தது. கெட்டிக்கும்போதே மனசு அடுத்த முறைக்குப் போய்விடும்.

பத்தாவது குண்டு பலகையின் நடுவில் வரைந்திருந்த கரும்புள்ளியிலேயே போய்ப் பட்டது.

குரங்குகள் கிளை கிளையாகக் குதித்தன. ஒரு தாய்க்குரங்கு குட்டியைத் தூக்கிக் காட்டி, "பார், உன் மாமன் தண்ணீர் வாங்கித் தந்துவிட்டான்!" என்றது.

உருளி மெதுவாக நடந்து வந்தது. "நல்லது. இப்போது போட்டதையே மறுபடி போடு."

"போட்டால் போயிற்று" என்று வெடுக்கன் மூங்கில் குழலை எடுத்தான். கை அப்படியே நின்றது. மருந்து ஒன்றேகால் குழலா, ஒன்றரையா? மயில் நெய்யா, இல்லை அதற்கு மேல் வேறு எதையாவது தடவினோமா?

"என்ன ஆயிற்று?"

"ஞாபகம் இல்லை, மச்சான்."

"பத்துக் குண்டு போயிற்று. கைக்கு வந்ததை உன்னாலேயே திருப்பிச் செய்ய முடியவில்லை. அந்த நரி எதற்குத் தினம் ஒரு சாமானோடு வருகிறான் என்று நினைத்தாய், உன்மேல் பாசத்திலா?"

வெடுக்கனுக்குக் காது சூடாகியது.

உருளி தன் பொந்துக்குள் போய் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்தது. சுட்ட பிறகு தரையில் விழுந்த துணிகள். அவற்றை வெயிலில் ஒவ்வொன்றாக விரித்தது. மெல்லிய துணி நடுவில் வெந்து ஓட்டையாகியிருந்தது. பட்டு நார் நாராகக் கிழிந்திருந்தது. ஒரே ஒரு துண்டு மட்டும் முழுசாக இருந்தது. நடுவில் வட்டமாகக் கரி, ஓரம் அப்படியே.

"துணி குழாய்க்குள்ளேயே கருகினால் குண்டை யார் பிடிப்பது? இது தாங்கியிருக்கிறது. காடாத்துணி. தடவியது தேன்மெழுகும் இலுப்பெண்ணெயும், வாசனை வருகிறது பார். இதை இனிமேல் தொடாதே. மருந்தை மட்டும் மாற்று. ஒவ்வொரு முறையும் குழாயைத் துடை. வேறு எதிலாவது கை வைத்தாய், உன் வாலைப் பிடித்துத் தொங்குவேன்."

அடுத்த மூன்று நாளும் வெடுக்கனுக்குச் சிறை மாதிரி இருந்தது. ஒரு குழல் மருந்தில் இரண்டு குண்டு சுட்டான். துளைகள் தள்ளித் தள்ளி விழுந்தன. முக்கால் குழலில் இரண்டு. பக்கத்தில் பக்கத்தில் விழுந்தன. அரைக் குழலில் ஒன்று. அது தரையை உழுதது. கையிலிருந்தது இன்னும் இரண்டு. அதையும் முக்கால் குழலிலேயே சுடச் சொன்னது உருளி.

"அதைத்தான் பார்த்துவிட்டோமே!"

"இரண்டு முறை பார்த்தோம். இன்னும் இரண்டு முறை பார்ப்போம்."

"கொஞ்சம் மயில் நெய் மட்டும்…"

உருளி நெய்ச்சட்டியின் மேல் ஏறிச் சுருண்டு உட்கார்ந்துகொண்டது. வேறு வழியில்லாமல் வெடுக்கன் சுட்டான், துடைத்தான், மறுபடியும் சுட்டான்.

நான்கு துளைகளும் ஒரு புங்க இலைக்குள் அடங்கின. ஆனால் கரும்புள்ளிக்கு நான்கு விரல் இடப்பக்கம், கீழே.

"புள்ளியில் இல்லையே" என்றான் வெடுக்கன்.

"கரடியார் புள்ளியைப் பார்ப்பதில்லை. இலையைத்தான் பார்ப்பார்."

"இருந்தாலும்…"

"இருந்தாலும் என்ன? தள்ளிக் குறி வைத்துப் பார்க்க மருந்து இல்லை. இருக்கிறபடியே மூன்று முறை சுடு. தண்ணீர் நம்முடையது."

மிச்சமிருந்த மருந்தை முக்கால் குழலாக மூன்று மூங்கில் துண்டுகளில் அளந்து போட்டு, வாயை மெழுகால் அடைத்துக் கொடுத்தது உருளி.

பந்தய நாள் காலையில் காடே சுனையைச் சுற்றி நின்றது. யாரும் அதில் வாய் வைக்கவில்லை.

நரிகள் முதலில் சுட்டன. மென்வாயனின் முதல் குண்டு கரும்புள்ளியிலேயே பட்டது. நரிகள் ஊளையிட்டன. மற்ற இரண்டும் அதற்கு மேலும் கீழுமாகப் போயின. கரடியார் புங்க இலையை வைத்துப் பார்த்தார். போதவில்லை. பலா இலையை வைத்தார். மூடியது.

"நரிகளுக்குப் பலா இலை" என்றார். பேசி வளர்ப்பது அவருக்குப் பிடிக்காது. புதுப் பலகை ஒன்றை நடச் சொன்னார்.

உருளி பலகைப் பக்கம் போய் நின்றுகொண்டது. வெடுக்கன் கெட்டித்தான். சுட்டான். நான்கு விரல் இடப்பக்கம், கீழே. குழாயைத் துடைத்தான். இரண்டாவது குண்டு முதல் துளையைத் தொட்டுக்கொண்டு பட்டது.

"பக்கத்திலேயே!" என்று அங்கிருந்து உருளி கத்தியது. "அதேதான், மாப்பிள்ளை! அதேதான்!"

ஆனால் வெடுக்கனின் காதில் வேறொன்று விழுந்தது. பின்னால் ஒரு குட்டிக்குரங்கு, "அம்மா, மாமா ஏன் புள்ளியில் சுடவே மாட்டேன் என்கிறார்?" என்று கேட்டது. நரிகள் சிரித்தன.

மென்வாயன் பக்கத்தில் வந்தான். "அருமை, தம்பி! நீதான் ஜெயிப்பாய், எனக்குத் தெரிந்துபோயிற்று" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஒரே ஒரு வருத்தம். ஒரு குண்டுகூடப் புள்ளியில் படாமல் ஜெயித்தவன் என்று இந்தக் காடு உன்னைச் சொல்லும். ஒரு சிட்டிகை மருந்து கூடினால் குண்டு தானாக மேலே ஏறாதா? நான் சொல்லவில்லை, உனக்குத் தெரியாததா!"

மருந்து அடைத்த தன் கொம்பைத் திறந்தபடியே கல்லின் மேல் வைத்துவிட்டு நகர்ந்து போனான்.

வெடுக்கன் மூன்றாவது மூங்கில் துண்டின் மெழுகைப் பெயர்த்தான். மருந்தைக் குழாய்க்குள் கொட்டினான். கொம்பைப் பார்க்கக் கூடாது என்று பலகையைப் பார்த்தான். பலகையில் கரும்புள்ளி சுத்தமாக இருந்தது. இரண்டு துளைகள் தொட்டுக்கொண்டுதானே இருக்கின்றன, பலா இலை எவ்வளவு பெரியது, ஒரு சிட்டிகை என்ன செய்துவிடும்?

அவனுடைய விரல்கள் அவனுக்கு முன்னால் போய்விட்டன. ஒரு சிட்டிகை. குறைச்சலாகத் தெரிந்தது. இன்னொன்று.

துணி, குண்டு, கம்பி. குறி வைத்தான். கை ஆடவில்லை.

சத்தம் முன்பைவிடக் கனமாகக் கேட்டது. புகை கலைந்தபோது கரும்புள்ளி அப்படியே இருந்தது. துளை அதையும் தாண்டி, மேலே வலப்பக்கம் இருந்தது.

கரடியார் பலா இலையை வைத்தார். திருப்பி வைத்தார். குறுக்காக வைத்தார். மூன்றாவது துளை ஒரு விரல் அகலம் வெளியே நின்றது. இலையைக் கீழே போட்டுவிட்டு ஒரு தேக்கிலை கேட்டார்.

"குரங்குகளுக்குத் தேக்கிலை. காலை முறை நரிகளுக்கு."

உருளி பலகையிலிருந்து திரும்பி வந்தது. திறந்து கிடந்த கொம்பைப் பார்த்தது. வெடுக்கனைப் பார்த்தது.

"எவ்வளவு?"

"இரண்டு சிட்டிகை" என்றான் வெடுக்கன்.



நரிகள் சுனைக்கு இறங்கின. அவை நக்கிக் குடிக்கிற சத்தம் பாறைமேல் உட்கார்ந்திருந்த குரங்குகளுக்கு வெகுநேரம் கேட்டது. குட்டிகள் அழுதன. தாய்கள் அவற்றின் வாயில் புளிய இலைகளைத் திணித்தன.

மாலையில் கரடியார் குரங்குகளைக் கூப்பிட்டார். தாய்க் குரங்குகளை மற்றவை முன்னால் விட்டன. அவை சேற்றை விரலால் விலக்கி, ஊறி வருகிற கலங்கலை இலையில் ஏந்திக் குட்டிகளுக்குக் கொடுத்தன. வெடுக்கன் வரிசையின் கடைசியில் போய் நின்றான். அவன் முறை வந்தபோது சுனையில் ஈரம் மட்டும்தான் இருந்தது.

நீதி: சரியாக அமைந்துவிட்டதை அப்படியே விட்டுவைக்கத் தெரியாதவனுக்கு, அதைக் கண்டுபிடிக்கப் பட்ட பாடெல்லாம் வீண்.