பாத்திரப் பேரரசர் தேடிய கைப்பிடி

பிரவுசிங் சென்டர் வாசலில் ஜனங்க வரிசையில் நின்ன காலம். கும்பகோணத்தில் குழந்தைவேலு பாத்திரக்கடையில் நான் எடை போட்டுக்கிட்டிருந்தேன். அங்கே இருந்த சிவப்பு போனோட மணிச்சத்தம் இன்னும் என் காதில் இருக்கு. போன் எடுக்கிறவ அன்னபூரணி. கேட்கிற கேள்வியை எல்லாம் நோட்டில் எழுதி வச்சுக்குவா.

முதலாளி புதுசா வெப்சைட் போட்டார். முழுக்க அவர் போட்டோவும் ‘பாத்திரப் பேரரசர்’ பட்டமும்தான். இன்டர்நெட்டில் தேடினா பத்தாம் பக்கத்திலும் கடையைக் காணோம். முதலாளி அன்னபூரணியைக் கூப்பிட்டார்.

“ஜனங்களோட பேசுறவ நீதானே? பதினஞ்சு நாள்ல கடை முதல்ல வரணும். இல்லேன்னா உனக்கு வேலை இல்ல.”

“சரிங்க முதலாளி. உங்க வீட்டு இட்லிப்பானை கைப்பிடி உடைஞ்சிடுச்சுன்னு வைங்க. எப்படித் தேடுவீங்க?”

நாங்க எல்லாரும் பார்க்க, அவர் கடைக் கம்ப்யூட்டரில் ஒத்தை விரலால் அடிச்சார்: ‘இட்லிப்பானை கைப்பிடி மாற்றும் கடை’. எதிர்த்தெருக் கடை வந்து நின்னுது.

“பாத்திரப் பேரரசர்னு நீங்களே தேடலையே முதலாளி?”

அவர் எழுந்து நாற்காலியை அவளுக்கு விட்டார். அவ நோட்டில் இருந்த கேள்விகளை ஜனங்க கேட்டபடியே, பதிலோட, வெப்சைட்டில் ஏத்தினா. பதினாலாம் நாள் அதே தேடலில் எங்க கடை முதல்ல வந்தது.

அன்னைக்கு போன் ஓயலை. அன்னபூரணி சாப்பிடப் போன நேரம் முதலாளியே எடுத்தார்.

“கைப்பிடிதானேம்மா? கொண்டு வாங்க, மாட்டித் தர்றோம்.”

யார் பேசுறதுன்னு கேட்டிருப்பாங்க போல. எங்களை ஒரு பார்வை பார்த்துட்டுச் சொன்னார்:

“கடையில வேலை பார்க்கிறவன்தாம்மா.”