கேப்டனின் இடது கை

“என் மகன் என்ன தப்பு செஞ்சான்?” என்று கேட்டார் பால்வண்ணம்.

பெனிட்டா பைக்கின் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். அவர் முகத்தை ஒருமுறை பார்த்தாள்.

“அருணகிரியோட அப்பாவா?”

“ஆமா. சங்கரன்கோவில்ல இருந்து வாரேன்.”

பெனிட்டாவுக்கு முப்பத்தைந்து வயது. தேனியிலிருந்து மேகமலைக்குப் பைக் குழுக்களை அழைத்துப்போவது அவள் தொழில். அவள் முன்னால் போவாள். எட்டுப் பத்துப் பேர் ஒருவர் பின் ஒருவராகத் தொடர்வார்கள். எல்லோரும் அவளைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்படித் தொடர்ந்து போனவன் அருணகிரி. பதினொன்றாவது வளைவில் பைக்கோடு பள்ளத்தில் விழுந்து இறந்துபோனான். அவனுக்கு இருபத்தாறு வயது.

“போலீஸ் என்ன சொன்னாங்க?” என்று கேட்டாள்.

“வேகம்னு எழுதியிருக்காங்க. எல்லாரும் அதத்தான் சொல்லுதாங்க. நானும் அதத்தான் சொல்லுதேன்.”

“அப்புறம் எதுக்கு என்கிட்ட கேக்குறீங்க?”

“எங்க வீட்டுல நம்ப மாட்டேங்கா. அவன் அப்படிப் போறவன் இல்லங்கா. கூட இருந்தது நீங்கதான். உங்க வாயால கேட்டுட்டா அவகிட்டப் போய்ச் சொல்லிருவேன்.”

பெனிட்டா கையைத் துணியில் துடைத்தாள்.

“பைக் ஓட்டுவீங்களா ஐயா?”

“மொபெட் ஓட்டுவேன். லைன்மேன் வேலை பார்த்தப்ப ஊர் ஊராப் போயிருக்கேன்.”

“கியர் வண்டி?”

“தொட்டதில்ல. அவன் வாங்கினதுக்கே சண்டை. எட்டு மாசம் அவன்கூடப் பேசல.”

“கடைசி வரைக்குமா?”

“கடைசி வரைக்கும்.”

அவள் உள்ளே போய் ஒரு ஹெல்மெட்டை எடுத்துவந்தாள். அவர் கையில் கொடுத்தாள்.

“கத்துக்கங்க. அப்புறம் சொல்றேன்.”

“வாயால சொல்றதுக்கு நான் எதுக்கும்மா பைக் ஓட்டணும்?”

அவள் மறுபடியும் செயின் பக்கம் குனிந்துவிட்டாள்.

பால்வண்ணம் கோபத்தோடு பஸ் ஏறினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்தார்.



ஊருக்கு வெளியே ஒரு பொட்டல். அங்கே கற்றுக்கொடுத்தாள்.

முதல் நாள் நான்கு முறை விழுந்தார். முழங்கால் தோல் உரிந்தது. அவள் ஒரு தடவையும் தூக்கிவிடவில்லை. அவர் எழுந்து வண்டியை நிமிர்த்தும்வரை தள்ளி நின்று பார்த்தாள்.

“கிளச்சை மெதுவா விடுங்க” என்பாள். அதற்கு மேல் பேச மாட்டாள்.

இந்தப் பெண்ணுக்கு நெஞ்சில் ஈரமே இல்லை என்று நினைத்துக்கொண்டார். ஆனாலும் எல்லா ஞாயிறும் வந்தார்.

ஐந்து மாதம் கழித்து ஒரு குழுவோடு அவரையும் சேர்த்துக்கொண்டாள். கடைசி இடம் அவருக்கு.

புறப்படும் முன் சைகைகளைச் சொன்னாள். இடது கையைத் தாழ்த்தி ஆட்டினால் வேகத்தைக் குறை. தரையைக் காட்டினால் அங்கே குழியோ மண்ணோ கிடக்கிறது. முன்னால் போகிறவர் காட்டியதைப் பின்னால் வருகிறவருக்கு நீங்களும் காட்ட வேண்டும்.

“வளைவுல உங்களுக்கு எதுவும் தெரியாது. முன்னால போறவங்க கைதான் உங்க கண்ணு.”

மலையேறினார்கள். மேலே டீக்கடையில் மற்றவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் அவளிடம் வந்து நின்றார்.

“இப்ப சொல்லலாமா?”

“இன்னும் இல்ல.”



அடுத்த பயணத்தில் அவருக்கு நடு இடம்.

தேயிலைச் சரிவில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு பச்சையை அவர் அதுவரை பார்த்ததில்லை. ஒரு கணம் அந்தப் பக்கம் திரும்பினார்.

கண்ணைத் திருப்பியபோது முன்சக்கரம் சாலை ஓரத்து வெள்ளைக்கோட்டின் மேல் இருந்தது. அதற்கு அப்பால் ஒன்றுமில்லை.

எப்படியோ நிறுத்திவிட்டார். இறங்கி வண்டியைச் சாலையின் உள்பக்கத்துக்குத் தள்ளினார்.

பெனிட்டா வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தாள்.

“எதைப் பார்த்தீங்க?”

“தோட்டத்த.”

“எவ்வளவு நேரம்?”

“ஒரு மூச்சு விடுற நேரம்.”

“என்ன வேகம்?”

“இருபத்தஞ்சு இருக்கும்.”

அவள் வண்டியைத் திருப்பி முன்னால் போய்விட்டாள்.

அன்றைக்கு அவர் அவளிடம் எதுவும் கேட்கவில்லை.

வீட்டில் மனைவி உலகம்மாள் சோறு போட்டாள்.

“அந்தப் பிள்ள சொல்லிட்டாளா?”

“இன்னும் இல்ல.”

“அவன் நிதானமாத்தான் ஓட்டுவான்.”

“நீ கண்டியாக்கும்?”

“பின்னால உக்காந்து நாலு தடவ கோயிலுக்குப் போயிருக்கேன். உங்ககிட்டச் சொல்லல.”

பால்வண்ணம் பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார்.



மூன்றாவது பயணத்தன்று காலையில் பெனிட்டா வரிசையைச் சொன்னாள்.

“ஐயா எனக்கு அடுத்து வரட்டும்.”

“அவன் எங்க வந்தான்?”

“அங்கதான்.”

முந்தின நாள் மழை பெய்திருந்தது. பத்தாவது வளைவு தாண்டியதும் இடதுபக்கம் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் திறந்துகொண்டது. அவர் பார்க்கவில்லை. அவள் கையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பதினொன்றாவது வளைவில் அவள் இடது கை தரையைக் காட்டியது.

அவர் வேகத்தைக் குறைத்தார். தன் கையையும் தரையை நோக்கி நீட்டினார். சரிவிலிருந்து வழிந்த ஈரமண் சாலையின் குறுக்கே கிடந்தது. சக்கரம் லேசாக வழுக்கி, பிடித்துக்கொண்டது. பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராகத் தாண்டினார்கள்.

கொஞ்ச தூரத்தில் சாலை அகலமாக இருந்தது. பெனிட்டா அங்கே நிறுத்தினாள். மற்றவர்களை டீக்கடைக்குப் போகச் சொல்லிவிட்டாள். இருவரும் வளைவுக்கு நடந்து வந்தார்கள்.

“அன்னைக்கும் இங்க இப்படித்தான் மண்ணு கிடந்துச்சு” என்றாள்.

“கை காட்டினீங்களா?”

“காட்டினேன்.”

“அப்ப அவன் பார்க்கலையா?”

“பார்த்தான்.”

அவள் இடது கையைத் தூக்கினாள். அது தரையைக் காட்டவில்லை. முழங்கால் உயரத் தடுப்புச்சுவரைத் தாண்டி, திராட்சைத் தோட்டங்களைத் தாண்டி, தூரத்தில் மின்னிய ஒரு கண்மாயைக் காட்டியது.

“வெயில் பட்டு அந்தத் தண்ணி வெள்ளியா இருந்துச்சு. மொத தடவ வர்றான், பார்க்கட்டும்னு காட்டினேன். எனக்கு இந்த ரோடு பழக்கம். மண்ணை விலகிப் போயிட்டேன். அவன் என் கை காட்டின பக்கம் பார்த்துட்டு வந்தான்.”

பால்வண்ணம் அந்தக் கையைப் பார்த்தார். அவள் அதை இறக்கவில்லை.

“என்ன வேகத்துல வந்தான்?”

“முப்பதுகூட இல்ல.”

“போலீஸ்ல?”

“வேகமா வந்தான்னு நான்தான் சொன்னேன். மத்தவங்க வளைவுக்கு அந்தப் பக்கம் இருந்தாங்க. வேற யாரும் பார்க்கல.”

அவர் தடுப்புச்சுவரில் உட்கார்ந்தார்.

பையனைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தபோது, ஊரே கூடியிருந்தபோது, உலகம்மாளின் காதில் விழும்படி அவர் சொன்னார்: அவனாத் தேடிக்கிட்டது. துக்கம் கேட்க வந்த அத்தனை பேரிடமும் அதையே சொன்னார். இரண்டு வருடத்துக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு எஸ்டேட் ஜீப் மேலேறிப் போனது. அதன் சத்தம் அடங்க நேரமாயிற்று.

“இத நான் வந்த அன்னைக்கே சொல்லியிருக்கலாமே” என்றார். “எட்டு மாசமா என்ன எதுக்கு அலைய வச்ச?”

“அன்னைக்குச் சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?”

அவர் யோசித்தார்.

“அழுதிருப்பேன். ஏதோ தெரியாம நடந்துபோச்சு, விடும்மான்னு சொல்லியிருப்பேன்.”

“அன்னைக்கு உங்களுக்கு என் கை எதுக்கு இருக்குன்னு தெரியாது.”

“இப்பத் தெரியுது” என்றார் பால்வண்ணம். “உன்ன மன்னிக்க முடியலம்மா.”

“அதுக்குத்தான் ஐயா கத்துக்கொடுத்தேன்.”