பள்ளிக்கூட வாசலில் மாட்டிக்கொண்ட ஃப்ளாஷ்பேக்

சாலிகிராமத்தில் ஒரு மொட்டைமாடி அறையில் மூன்று பேர் சினிமாவுக்குக் கதை எழுதிக்கொண்டிருந்தார்கள். மூவருக்கும் சேர்த்து ஒரு மூளை என்று சொன்னால் அந்த மூளை கோபித்துக்கொள்ளும். கதை அடைக்கலத்தினுடையது. மயில்ராஜும் சூசையும் யோசனை சொல்வார்கள், அதுவும் கேட்காமலே.

அடைக்கலத்துக்கு இது வாழ்வா சாவா என்ற நிலை. இந்தப் படமும் ஒப்பந்தமாகாவிட்டால் சின்னமனூருக்கு வந்து உரக்கடையில் உட்கார வேண்டியதுதான் என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். அந்த யூரியா மூட்டைகளை நினைத்தாலே அவனுக்கு அழுகை வந்தது.

தயாரிப்பாளர் கோதண்டபாணி தங்கமான மனிதர். திரைக்கதையைப் படித்துவிட்டு அதிகம் குறை சொல்லவில்லை.

"தம்பி, எது இப்போ நடக்குது, எது ஃப்ளாஷ்பேக்னே புரியலை. பழசுன்னா பார்த்ததும் பழசாத் தெரியணும். ஆரம்பிக்கும்போது ஃப்ளாஷ்பேக் ஆரம்பம்னு எழுது. முடிஞ்சா முடிஞ்சதுன்னு எழுது. எழுதாம நிகழ்காலத்துக்குத் திரும்பி வரவே கூடாது. நாளைக்குக் கொண்டு வா, கையெழுத்துப் போட்டுடலாம்."

அறைக்கு வந்ததும் ஆலோசனை ஆரம்பமானது.

"ஃப்ளாஷ்பேக்ல வர்றதெல்லாம் இருபது வருஷத்துக்கு முன்னாடி நடந்தது," என்றான் சூசை. "அப்போ நீ என்ன பண்ணிட்டிருந்த?"

"மூணாங்கிளாஸ் படிச்சேன்."

"அப்போ மூணாங்கிளாஸ் பையன்தானே இதை எழுதணும்? இப்ப இருக்கிற நீ எழுதினா அது புதுசாயிடாதா?"

அடைக்கலத்துக்கு உடம்பு சிலிர்த்தது. இது தனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாகவும் இருந்தது. அரைக்கால் டவுசர் ஒன்றைத் தேடி மாட்டிக்கொண்டு, நாக்கைத் துருத்தியபடி, குண்டு குண்டு எழுத்தில் மொத்த ஃப்ளாஷ்பேக்கையும் திரும்ப எழுதினான்.

"ஆனா தாள் வெள்ளையா இருக்கே," என்று மயில்ராஜ் கவலைப்பட்டான்.

அதுவும் நியாயம்தான். தூக்கு நிறைய டீ வாங்கி வந்து பக்கங்களை ஊறப்போட்டார்கள். சர்க்கரை தூக்கலான டீ. பிறகு மாடிக் கொடியில் காயப்போட்டார்கள். கடைசித் தாளில் 'ஃப்ளாஷ்பேக் முடிந்தது' என்று ஒரே ஒரு வரி இருந்தது. காற்று அந்தத் தாளை மட்டும் அள்ளிக்கொண்டு போய்விட்டது.

"வேற எழுதிடலாமா?" என்றான் அடைக்கலம்.

"டீ தீர்ந்துபோச்சே," என்றான் மயில்ராஜ். அந்த வரி இல்லாமலே பக்கங்களை அடுக்கினார்கள்.

மறுநாள் அலுவலகத்தில் டவுசரோடு நின்று அடைக்கலம் ஃப்ளாஷ்பேக்கை வாசித்தான். அவனுடைய சொந்தக் கதைதான். பள்ளிக்கூடம் விட்டாயிற்று, மழை கொட்டுகிறது, சைக்கிளில் வந்து கூட்டிப்போகிறேன் என்ற அப்பா வரவேயில்லை. பையன் வாசலிலேயே நிற்கிறான். வாசித்து முடித்த பக்கங்களைக் கையில் வைத்திருந்த கோதண்டபாணியின் கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். கதை பாதி, எறும்புக்கடி பாதி.

"பிரமாதம்யா! பிடி பேனாவை, போடு கையெழுத்தை!"

அடைக்கலம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "நான் மூணாங்கிளாஸ் சார். அப்பாதான் கையெழுத்துப் போடணும்."

"அதான் ஃப்ளாஷ்பேக் முடிஞ்சுபோச்சேய்யா!"

"முடிஞ்சதுன்னு எழுதலையே சார்," என்றான் சூசை. "எழுதாம திரும்பி வரக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"கொடு, நானே எழுதித் தொலைக்கிறேன்!"

"வெள்ளைத் தாள்ல எழுதினா பழசாத் தெரியாதே சார்," என்றான் மயில்ராஜ் பணிவாக.

கோதண்டபாணி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அடைக்கலத்தின் கண்முன் யூரியா மூட்டைகள் வரிசையாக வந்து நின்றன. ஆனாலும் சொன்ன சொல்லை மீற முடியுமா? வேறு வழியில்லாமல் சூசை சின்னமனூருக்குப் போன் போட்டான்.

"ஐயா, உங்க பையன் இன்னும் பள்ளிக்கூட வாசல்லயே நிக்கிறான். நீங்க வந்து கூட்டிட்டுப் போனாத்தான் அவன் கையெழுத்துப் போட முடியும்."

மறுமுனையில் அப்பா பதறிப்போனார்.

"அடக் கடவுளே! நான் அன்னிக்குப் போகவே இல்லையா? அங்கேயே நிக்கச் சொல்லுப்பா, இதோ சைக்கிளை எடுத்துட்டேன்."

மணியடிக்கும் சத்தம்கூடக் கேட்டது. பிறகு சைக்கிள் நின்றது.

"ஆமா, அவன் இன்னும் அங்கேயே நிக்கிறான்னா, இத்தனை வருஷமா என் வீட்ல சோறு தின்னவன் எவன்யா?"