அவையின் மேற்குப் பக்கம்

சேந்தன் அரண்மனையில் வாதம் செய்து வாழ்ந்தவர். மன்னர் முன்னிலையில் எதிராளியின் வாயை அடைப்பது அவருடைய வேலை. ஐம்பது வயதுக்கு மேல் அது அலுத்துப்போனது. புளியந்தோப்பு மடத்துக்கு வந்து உமையாளிடம் சீடராகச் சேர்ந்தார். உமையாள் அவரைவிட வயதில் சிறியவர். அதில் இருவருக்கும் சங்கடம் இருக்கவில்லை.

அந்த ஆண்டு வடக்கே மழை பொய்த்தது. ஊரை விட்டுக் கிளம்பி வந்த சில குடும்பங்கள், வற்றிக் கிடந்த ஏரியின் உட்சரிவில் குடிசை போட்டன. ஐப்பசி பிறந்தால் ஏரி நிறையும். அதற்குள் அவர்களுக்கு மேய்ச்சல் மேட்டில் இடம் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் போகச் சொல்ல வேண்டும். இதை முடிவு செய்ய ஊரவை கூடியது. மடத்துக்காரர்களுக்கும் அதில் இடம் உண்டு.

அந்த அவைக்கு ஒரு வழக்கம் இருந்தது. சரி என்பவர்கள் கிழக்கே உட்காருவார்கள். கூடாது என்பவர்கள் மேற்கே. எந்தப் பக்கம் ஆள் கூடுதலோ அதுவே முடிவு.

மேற்கே முதலில் போய் உட்கார்ந்தவர் ஆலப்பர். நிறைய மாடு வைத்திருப்பவர். அவர் பேச்சை ஊர் கேட்கும்.

"மேடு போனால் மாடு எங்கே மேயும்?" என்றார். "இன்றைக்கு இவர்கள். நாளைக்கு இவர்களுடைய சொந்தக்காரர்கள். எத்தனை பேருக்குக் கொடுப்பீர்கள்?"

கிழக்கே இருந்த சேந்தன் எழுந்தார்.

"ஆலப்பரே, உங்கள் பாட்டனார் இந்த ஊருக்கு எப்படி வந்தார்?"

ஆலப்பர் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் சொல்லட்டுமா? பஞ்சத்தில் வந்தார். கையில் திருவோடு ஏந்தி வந்தார். பிச்சைக்கு வந்தவரின் பேரன் இன்றைக்கு வாசலை அடைக்கிறார்."

அவை சிரித்தது. யாரோ கைதட்டினார்கள். ஆலப்பர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதன்பிறகு வாய் திறக்கவில்லை.

பக்கம் பிரியச் சொன்னார்கள். ஆலப்பர் அசையவில்லை. அதுவரை எந்தப் பக்கமும் சேராமல் நின்ற அவருடைய பங்காளிகள் மொத்தமாகப் போய் அவரை ஒட்டி உட்கார்ந்தார்கள். இரண்டு பக்கமும் சமமாக நின்றன. பேச்சு அடுத்த பௌர்ணமிக்குத் தள்ளிப்போனது.

சில நாள் கழித்து சேந்தன் ஆலப்பரின் வீட்டுக்குப் போனார். இந்த முறை பணிவாகவே பேசினார். மேய்ச்சல் மேட்டில் ஒரு மூலை போதும் என்று கணக்குக் காட்டினார். வேலைக்குக் கைகள் கூடினால் ஊருக்கு நன்மை என்றார். தர்மம் பற்றியும் சொன்னார். ஆலப்பர் ஒவ்வொன்றுக்கும் ஒரு மறுப்பு வைத்திருந்தார். காலையில் அவரிடம் இருந்த காரணங்களைவிடச் சாயங்காலம் அதிகம் இருந்தன.

சேந்தன் நேராக உமையாளிடம் வந்தார்.

"அம்மா, ஒரு மனிதன் பிடித்துக்கொண்டிருக்கும் கொள்கையை எது மாற்றும்? வெட்கமா, வாதமா?"

"நீங்கள் எதைச் செய்து பார்த்தீர்கள்?"

"இரண்டையும். வெட்கப்பட வைத்தேன், வாயை மூடிக்கொண்டார். எடுத்துச் சொன்னேன், வாயைத் திறந்தார். இருந்த இடத்தில்தான் இருக்கிறார்."

உமையாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கடைசிக் கட்டு வரை ஆய்ந்து முடித்தார்.

"நாளைக்கு அவர் வீட்டுக்குப் போவோம்" என்றார். "நீங்கள் பேச வேண்டாம்."

மறுநாள் தூறல் போட்டது. வழியில் ஏரிக்கரை மீது நடந்தார்கள். உள்ளே சரிவில் ஒரு பெண் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் குடிசையின் கூரைக் கீற்றைப் பிடுங்கி மேலே இழுத்துக்கொண்டிருந்தாள். சில நாளாகப் பெய்த மழையில் கீழ்க்குடிசையின் வாசலைத் தண்ணீர் தொட்டிருந்தது.

ஆலப்பர் தொழுவத்தில் இருந்தார். சேந்தனைப் பார்த்ததும் முகம் இறுகியது. உமையாளைப் பார்த்து, "வாருங்கள் அம்மா" என்றார்.

உமையாள் ஒரு கவிழ்த்த கூடையின் மேல் உட்கார்ந்தார்.

"உங்கள் பாட்டனாரைப் பற்றிக் கேட்க வந்தேன்."

"அதைத்தான் அவையில் உங்கள் ஆள் சொல்லிவிட்டாரே."

"அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். உங்களுக்குத் தெரிந்ததைக் கேட்கிறேன்."

ஆலப்பர் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

"அவர் பிச்சை எடுத்தார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எவ்வளவு காலம்? வந்த மாதமே ஏரிக்கரைக்குக் கல் சுமக்கப் போனார். கூலி கேட்கவில்லை. யாரும் போகச் சொல்லவும் இல்லை. கல் சுமந்து சுமந்து அவர் தோளில் ஒரு பக்கம் மரம்போலக் காய்த்திருக்கும். சின்ன வயதில் நான் அதைத் தொட்டுப் பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் ஊர் அவரைக் கூப்பிட்டு இடம் கொடுத்தது."

அவர் சேந்தனைப் பார்க்காமல் உமையாள் பக்கம் திரும்பினார்.

"அவரைச் சொல்லி இந்த ஊரில் யாரும் சிரித்ததில்லை அம்மா. அன்றைக்குத்தான் சிரித்தார்கள்."

சேந்தன் தரையைப் பார்த்தார்.

"இவர்கள் என்ன சுமந்தார்கள்?" என்றார் ஆலப்பர். "வந்தார்கள், குடிசை போட்டார்கள், இடம் கேட்கிறார்கள்."

"கேட்டால் சுமப்பார்களா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"யாராவது கேட்டார்களா?"

ஆலப்பர் பதில் சொல்ல வாயெடுத்தார். தொழுவத்துக்கு வெளியே, ஏரி இருக்கும் திசையைப் பார்த்தார். அவருடைய கை மாட்டின் கழுத்திலேயே நின்றுவிட்டது.

உமையாள் எழுந்தார்.

"நேரமாகிறது. வருகிறோம்."

ஆலப்பர் திடுக்கிட்டார். "அவ்வளவுதானா?"

"பாட்டனாரைப் பற்றிக் கேட்க வந்தேன். சொன்னீர்கள்."

தெருமுனை தாண்டும்வரை சேந்தன் பொறுத்துக்கொண்டார். அதற்கு மேல் முடியவில்லை.

"அம்மா, அவர் அசைந்துவிட்டார். இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார். அந்த நேரம் பார்த்து எழுந்துவிட்டீர்களே!"

"நாம் அங்கே இருக்கும்வரை அவர் நமக்குப் பதில்தான் சொல்வார்."

"சொல்லட்டுமே."

"யோசிக்க வேண்டாமா?"

அவ்வளவுதான் பேச்சு. மழை வலுத்ததால் இருவரும் வேகமாக நடந்தார்கள்.

அதற்குப் பிறகு உமையாள் அந்தப் பக்கமே போகவில்லை. ஆலப்பர் ஏரிக்கரையில் ஒருநாள் தென்பட்டதாக மடத்துக்கு வந்தவர்கள் சொன்னார்கள். குடிசைக்காரர்களோடு பேசினார் என்று ஒருவர் சொன்னார். இல்லை, திட்டினார் என்று இன்னொருவர் சொன்னார். சேந்தனுக்குப் போய்ப் பார்க்க வேண்டும்போல இருந்தது. உமையாள் விடவில்லை.

பௌர்ணமியன்று அவை கூடியது. ஏரியில் பாதிக்கு மேல் தண்ணீர் ஏறியிருந்தது. குடிசைகளைப் பிரித்துக் கரைமேல் குவித்துவிட்டு, அந்தக் குடும்பங்கள் மழையிலேயே நின்றிருந்தன.

போன முறை உட்கார்ந்த இடங்களிலேயே எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஆலப்பர் மேற்கே எழுந்து நின்றார்.

"கரை தெற்குப் பக்கம் பலவீனமாக இருக்கிறது. இந்த மழைக்குத் தாங்காது. கல் சுமக்க ஆள் வேண்டும். அவர்கள் சுமப்பதாகச் சொல்கிறார்கள். சுமக்கிறவர்களுக்கு மேட்டில் இடம் கொடுப்பதுதான் முறை."

சற்று நிறுத்தினார்.

"நான் முதலிலிருந்தே இதைத்தான் சொல்லி வருகிறேன்."

சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிழக்கே பார்த்து நடந்தார். பங்காளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர்களும் எழுந்தார்கள்.

கிழக்கே ஒருவன் சிரித்தான். "முதலிலிருந்தேவா?"

ஆலப்பர் அவையின் நடுவில் நின்றுவிட்டார். அவர் நின்றதும் பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். ஒருவர் மெல்ல மறுபடியும் மேற்கே திரும்பினார்.

போன மாதம் இதே இடத்தில் ஆலப்பர் பேசிய ஒவ்வொரு சொல்லும் சேந்தனுக்கு நினைவிருந்தது. அத்தனையையும் வரிசையாக எடுத்து வைத்துவிடலாம். அரண்மனையில் அப்படித்தான் வென்றிருக்கிறார். சொல் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. கையை ஊன்றிப் பாதி எழுந்தார்.

உமையாள் அவர் பக்கம் திரும்பவில்லை. ஆலப்பரைப் பார்த்தபடியே, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள் சேந்தரே. அவர் உட்கார இடம் வேண்டும்."